திரும்பி வராமல் போக முடியாத மொழி

“ஏம்மா, ஆத்துல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவா ஒருத்தரும் இல்லேங்கறே. நீ ஒரு பாஷையையே உண்டாக்கிடுவியாக்கும்?”

ஸ்ரீரங்கத்தில் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பனைவிசிறியை ஆட்டிக்கொண்டே வரதாச்சாரி சார் என்னிடம் இப்படிக் கேட்டார். திருச்சியிலிருந்து வெளிவந்த ஒரு சிறுவர் வார இதழில் அவர் மாயாஜாலத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். நான் அதே இதழில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கதையில் வரும் மலைநாட்டு மக்களுக்குத் தனியாக ஒரு பேச்சு வேண்டும், இந்தப் பெண் செய்து தருவாள் என்று ஆசிரியர் என்னை அவரிடம் அனுப்பியிருந்தார்.

“செஞ்சு காட்டுறேன் சார். அப்புறம் சொல்லுங்க,” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிருக்க வேண்டும். அவர் மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நான் படித்த கல்லூரியின் ஆண்டு மலரில் பணி நிறைவு பெற்றவர்கள் எழுதும் பக்கத்துக்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் நான் பார்த்த வேலை முடிந்துவிட்டது. இந்த ஊரில் அந்த வேலையைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பிறகு யாரும் பார்க்கப் போவதுமில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் எழுத எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். இல்லாத ஒரு மொழிக்குச் சொற்களை உண்டாக்கினேன். எப்படி உண்டாக்கினீர்கள் என்று தமிழ் மூன்றாம் ஆண்டு மாணவிகள் கேட்டார்கள். அதைச் சொல்கிறேன். அது எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உறையூரில் சுருட்டுச் சுற்றும் குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.ஏ. தமிழ் முடித்த கையோடு, எழுபதுகளின் நடுவில், மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளில், ஆசிரியர் இன்னாசிமுத்து சாரிடம் இரண்டு வாரத்துப் பக்கங்களைக் கொண்டுபோய் வைத்தேன்.

“சார், போன வாரம் இந்த மலைக்காரங்க தண்ணிக்கு ‘கும்பா’ன்னாங்க. இந்த வாரம் ‘ஜம்பா’ங்கறாங்க.”

அவர் இரண்டையும் பார்த்தார். “எது சரிங்க?”

“ரெண்டுமே சரியில்ல சார். இது பேச்சு இல்ல, சத்தம்.”

“அப்ப நீங்களே ஒழுங்கு பண்ணுங்களேன்,” என்றார். அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது.

இன்னாசிமுத்து சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரையும் அதட்ட மாட்டார். ஆபீஸ் கூட்டுகிறவரைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். பிடிக்காத தாளை இரண்டாக மடித்து, மடிப்பை நகத்தால் ஒருமுறை அழுத்தி, நம் பக்கம் நகர்த்துவார். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சில்லை. ஒவ்வொரு புதுச்சொல்லையும் ஒரு சிறு சீட்டில் எழுதி அவரிடம் நான் வைக்க வேண்டும். அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றே: “இதை மொதல்ல யார் சொன்னாங்க? எப்ப சொன்னாங்க?” கதையில் ஒருவர், ஒரு நாள், ஒரு காரியத்துக்காகச் சொல்லாத சொல் சொல்லே இல்லை என்பது அவர் சட்டம். அந்தச் சீட்டுக்குப் பிறப்புச் சீட்டு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

‘நன்றி’க்கு ஒரு சொல் எழுதிக்கொண்டு போனேன். யார் சொன்னாங்க என்றார். “பொதுவா எல்லாரும் சொல்றதுதானே சார்,” என்றேன். மடித்துவிட்டார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதே இல்லை. அந்தச் சொல்லை மேடைகளில்தான் கேட்டிருக்கிறேன். இந்த மலைநாட்டார் ஆடு மேய்ப்பவர்கள். ஒருவர் தவறிப்போன ஆட்டைக் கொண்டுவந்து விட்டால், உரியவர் பட்டியை எண்ணிப் பார்த்து என்ன சொல்வார்? ‘நிறைந்தது’ என்பார். எண்ணிக்கை நிறைந்தது. அந்த வேரிலிருந்து அவர்களுடைய நன்றி பிறந்தது. இந்த முறை சீட்டு மடிபடவில்லை.

மொழிக்கும் அதைப் பேசும் மலைநாட்டாருக்கும் ‘ஙெரி’ என்று பெயர். தமிழில் யாரும் ‘ங’வில் பெயர் வைக்க மாட்டார்கள் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டேன். கம்போசிங் பகுதியில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டேன். “தனலட்சுமி, எழுத்துக் கேஸ்ல ‘ங’ மொத்தமே ஒரு பிடிதான் இருக்கு. ஒரு பக்கத்துக்கு இத்தனை போட்டீங்கன்னா மீதிக் கதைய வாயாலதான் சொல்லணும்,” என்று போர்மேன் கத்துவார். அதனால் சில சொற்கள் ஈய எழுத்தின் பற்றாக்குறையால் வேறு ஒலிக்கு மாறின. அதுவும் நல்லதற்குத்தான். உண்மையான மொழிகளும் ஏதோ ஒரு பற்றாக்குறையில்தான் மாறியிருக்கும்.

எனக்கென்று சில விதிகளும் வைத்துக்கொண்டேன். கையால் தொடக்கூடியதுதான் வேராக இருக்க வேண்டும். ‘தெபு’ என்றால் தீ. அதிலிருந்து அடுப்பு, வெந்தது, வீடு. தீயைச் சுற்றி உட்கார்ந்து சொல்வதால் கதை. எத்தனை குளிர்காலத் தீ பார்த்தவர் என்று கணக்கிடுவதால் வயது. அடிக்கடி புழங்கும் சொல் தேய வேண்டும். ஒவ்வொரு பொங்கலுக்கு முன்பும் உட்கார்ந்து, அந்த ஆண்டு அதிகம் வந்த சொற்களில் ஓர் எழுத்தைக் குறைப்பேன். அஞ்சுகிறதைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இருட்டியபின் நம் வீடுகளில் பாம்பைப் பூச்சி என்று சொல்வதில்லையா? ஓநாய்க்கு அவர்கள் ‘சாம்பல் விருந்தாளி’ என்றார்கள். கொஞ்ச நாளில் விருந்தாளி என்ற சொல்லே பயம் பிடித்துப்போய், உண்மையான விருந்தாளிக்கு வேறு சொல் தேட வேண்டியிருந்தது. அந்த வாரம் வரதாச்சாரி சார் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “எங்கேருந்தும்மா பிடிச்சே இதை?” என்று கேட்டார். அதற்குமேல் பாராட்ட அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு அது போதும்.

இனி ‘ஙாலெ’. என் வேர்களில் எல்லோருக்கும் பிடித்தது அதுதான்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னால் எங்கள் வீட்டில் அம்மா பதறிவிடுவாள். தெருமுனைக் கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்டை ஓட்டிக்கொண்டு காலையில் கிளம்பி, இருட்டுமுன் பட்டிக்குத் திரும்பும் மக்களுக்குப் போவதும் வருவதும் ஒரே செயல்தான் என்று வைத்தேன். கிளம்பிப்போய்த் திரும்புவது, ஙாலெ. திரும்பாமல் போவது என்று அந்த மொழியில் ஒன்று கிடையாது. இன்னாசிமுத்து சார் சீட்டைப் படித்துச் சிரித்தார். வரதாச்சாரி சார் ‘பேஷ்’ என்றார். போர்மேன்கூட, ‘சரியாத்தான் சொல்றாங்க மலைக்காரங்க’ என்றார். எங்களில் ஒருவருக்கும் எதுவும் உறுத்தவில்லை. உறுத்தியிருக்காது. நாங்கள் எல்லோருமே அப்படிச் சொல்லி வளர்ந்தவர்கள். கதையில் வயதானவர்கள் கடைசிக் காலத்தில் உயரத்து மேய்ச்சல் வெளிக்கு ஏறிப்போவார்கள். அதற்கும் வரதாச்சாரி சார் ஙாலெ என்றே போட்டார். சிறுவர் இதழில் சாவு வரக் கூடாது என்பது ஆசிரியரின் இன்னொரு சட்டம். ஆகவே ஙெரியில் யாரும் சாகவில்லை. சாவுக்குச் சொல்லும் இல்லை.

‘ஙெரி பேசுவோம்’ என்று வாரம் ஒரு கட்டம் போட்டோம். புதுச்சொல், அதன் வேர், அதை முதலில் சொன்னது யார் என்ற மூன்றும் அதில் இருக்கும். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். எழுத்துக்கு எழுத்து ‘க’ சேர்த்துக் கபாஷை பேசித் திரிந்த பிள்ளைகள் ஙெரி பேசினார்கள். ஙெரியிலேயே கடிதங்கள் வந்தன. தப்பு கண்டுபிடித்தும் எழுதினார்கள். என் தப்புகளை, என் விதிகளைக் கொண்டே. எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

சென்ற ஆண்டு ஒரு நாள் மதியம் ஓர் அம்மா மாடியேறி வந்தார். கையில் குடை, நெற்றியில் வியர்வை. கைலாசபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பெயர் மேரி. கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை.

“நீங்கதானே இந்தப் பாஷை எழுதுறவங்க?” என்றார். நான் பெருமையோடு ஆமாம் என்றேன்.

அவருக்கு ஒரு பையன், ஒரு பெண். ஆண்டோ, ஸ்டெல்லா. இரண்டு பேரும் வீட்டில் ஙெரிதான் பேசுவார்களாம். பெரியவர்களுக்குப் புரியக் கூடாது என்று தொடங்கியது, பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. ஆண்டோவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வரவில்லை.

“அவ அழவே இல்லீங்க. தமிழ்ல பேசினா காதைப் பொத்திக்கிறா. அந்தப் பாஷையிலதான் பேசுறா. சாயங்காலம் ஆனா கேட்டுக்கிட்ட போயி நிக்கிறா. அண்ணன் எங்கன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க கேட்டா, ஙாலெங்கறா. நானும் அந்தக் கட்டத்தையெல்லாம் தேடித்தேடிப் படிச்சேன். அதுல வேற வார்த்தையே இல்லியே.” குடையின் கைப்பிடியைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். “ஒரே ஒரு வார்த்தை குடுங்க. அவகிட்ட அவ பாஷையில சொல்லிடுறேன்.”

மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் என் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கம் என்ற வேரிலிருந்து எடுக்கலாமா? தூங்கினவர் விழிப்பார். தீ அணைவதிலிருந்து? ஙெரி வீடுகளில் கங்குகளைச் சாம்பலால் மூடிவைத்து மறுநாள் அவற்றையே ஊதிப் பற்றவைப்பார்கள். அப்படி நானே எழுதியிருந்தேன். இலை உதிர்வது? தளிர்க்கும். பட்டி, சாயங்காலம், அடுப்பு, எண்ணிக்கை நிறைவது. எந்த வேரைப் பிடித்து இழுத்தாலும் அது திரும்பி வந்தது. அந்த மொழி முழுவதையும் நான் அப்படித்தான் கட்டியிருந்தேன். இன்றும் அவை நல்ல வேர்கள் என்றே சொல்வேன். அன்று அவற்றால் ஒரு பயனும் இல்லை.

கடைசியில் எந்த வேரோடும் ஒட்டாத ஓர் ஒலியை எடுத்தேன். ‘ஹுத்’. முடிந்தது, இனி இல்லை. சீட்டில் யார் சொன்னது, எப்போது என்ற இடங்களை எழுதாமல் விட்டேன். ஆசிரியரிடம் காட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்துக் கைலாசபுரம் போனேன்.

ஸ்டெல்லா மெலிந்த பெண். பத்து வயது இருக்கும். அவள் அம்மா என்னைச் சொல்லி அறிமுகப்படுத்தியதும், கேட்டருகில் நின்றபடியே ஙெரியில் பேசத் தொடங்கினாள். என்னால் தொடர முடியவில்லை. நான் எழுதியிருக்கிறேனே தவிர, வாய்விட்டுப் பேசியதில்லை. அவள் கடகடவென்று பேசினாள். நான் பொங்கலுக்குப் பொங்கல் ஒவ்வோர் எழுத்தாகத் தேய்த்த சொற்கள் அவள் வாயில் அதைவிடத் தேய்ந்திருந்தன. நான் உண்டாக்காத சேர்க்கைகள் இருந்தன. எல்லாம் சரியாகவும் இருந்தன. என் உச்சரிப்பை இரண்டு இடத்தில் திருத்தினாள். அந்த மொழியைத் தாய்மொழிபோலப் பேசும் ஒரே ஆள் என் முன்னால் நின்றாள். இனி ஒருவரோடும் அப்படிப் பேச அவளுக்கு வழியில்லை.

“ஆண்டோ ஹுத்,” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஙெரியில் கேட்டாள்: “இதை முதலில் யார் சொன்னார்கள்?”

“நான்.”

“நீங்கள் ஙெரி இல்லையே.”

சட்டம் எங்களுடையது. வாராவாரம் கட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். அவள் மீண்டும் கேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளே ஸ்ரீரங்கம் போய் வரதாச்சாரி சாரிடம் எல்லாம் சொன்னேன். கதையில் ஒருவர் சாக வேண்டும், இன்னொருவர் ஹுத் என்று சொல்ல வேண்டும்.

“ஒரு குழந்தைக்காக நான் ஒருத்தனைக் கொல்லணுமா? நன்னாருக்கே!” என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

அந்த வார அத்தியாயத்தை அவரே நேரில் கொண்டுவந்தார். இடையன் ஒருவனின் தம்பி பனியில் இறந்துபோகிறான். ஊரார் ஙாலெ, ஙாலெ என்று தேற்றுகிறார்கள். அண்ணன்காரன் எல்லோரையும் நிறுத்தி, ஹுத் என்கிறான். அவ்வளவுதான். அழுகை இல்லை, வர்ணனை இல்லை. “வார்த்தை சரியா உக்காந்திருக்கா பாரும்மா,” என்று நின்றுகொண்டே கேட்டார். சரியாக இருந்தது. அவர் எழுதியதிலேயே அதுதான் நல்ல அத்தியாயம் என்று அவரிடமே சொன்னேன்.

எழுத்துக் கோத்தார்கள். புரூப் எடுத்தார்கள். நான் திருத்தினேன். மேரியம்மாவுக்குப் போன் வசதி கிடையாது. அந்தப் பக்கம் போகிற ஒருவரிடம், வியாழக்கிழமை இதழில் வருகிறது என்று சொல்லியனுப்பினேன்.

இன்னாசிமுத்து சார் அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பார்த்தார். அந்தப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து, மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தினார்.

“சார், அந்தப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு சார்.”

“தெரியும்மா.” கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அந்தப் பொண்ணுக்கு இது மருந்துதான். நான் இல்லேங்கல. ஆனா இந்த புக்கு அந்த வீட்டுக்கு மட்டுமா போவுது? காய்ச்சல்ல படுத்திருக்கிற புள்ளைங்க படிக்குது. ஆஸ்பத்திரில தம்பியை விட்டுட்டு வந்த புள்ளைங்க படிக்குது. அதுங்ககிட்ட நம்ம போயி இந்த வார்த்தையக் குடுக்கலாமா? சொல்லுங்க.”

கோபமாகத்தான் வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இன்றுவரை அதற்கு ஒரு பதில் எனக்குக் கிடைக்கவில்லை. போர்மேன் அந்தப் பக்கத்தின் எழுத்துகளைப் பிரித்துக் கேஸில் போட்டார். காலியான இடத்தில் விடுகதைகள் போயின.

வரதாச்சாரி சார் அந்த அத்தியாயம் இல்லாமல் மேற்கொண்டு எழுத மறுத்துவிட்டார். தொடர் பாதியில் நின்றது. தொடர் இல்லாத இடத்தில் மொழிக்கு என்ன வேலை? திரும்பப் பிழை திருத்தச் சொன்னார்கள். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கைலாசபுரம் போனபோது மேரியம்மா என்னை உள்ளே கூப்பிடவில்லை.

“வியாழக்கிழமை புக்கு வந்துச்சுங்க. ஒவ்வொரு பக்கமா பொரட்டினா. திரும்பவும் மொதல்லேருந்து பொரட்டினா. அன்னையிலேருந்து அதுவும் பேசுறதில்ல. தமிழும் இல்ல, உங்க பாஷையும் இல்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கோவிச்சுக்காதீங்க. இனிமே வீட்டுக்கு வராதீங்க. உங்களைப் பாத்தா அவளுக்கு அதே நெனப்புதான்.”

நான் ஒரு மொழியை உண்டாக்கினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை வீட்டுப் பேச்சாகப் பேசியவர் இருவர். ஒருவன் இறந்தான். மற்றவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். வேலையைப் பற்றி என்னிடம் கேட்ட மாணவிகளுக்கு இதற்குமேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேர் நன்றாக இருந்தால் சொல் தானாக வளரும். அது யார் வாயில், எதற்காக வளரும் என்பது நம் கையில் இல்லை.

ஸ்டெல்லா படிக்கும் கன்னியர் பள்ளியில் தமிழாசிரியை ஒருவர் பிரசவ விடுப்பில் போவதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். மனுப் போடும்முன் மேரியம்மாவை மாதாகோயில் வாசலில் பார்த்துக் கேட்டேன்.

“அங்க தமிழ்தானே பேசுவீங்க?” என்றார்.

“தமிழ் மட்டுந்தான்.”

“சரி. செய்யுங்க,” என்றார்.

நேற்று சேர்ந்தேன். ஆறாம் வகுப்பு. பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டேன். உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா என்று வரிசையாகக் குரல்கள் வந்தன. ஸ்டெல்லா என்றேன். ஜன்னலோரப் பெஞ்சில் இருந்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள், அது முகத்திலேயே தெரிந்தது. வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் எழுந்து, “டீச்சர், அவ பேச மாட்டா டீச்சர்,” என்றாள்.

“நீ உக்காரும்மா,” என்றேன். அவள் வந்திருக்கிறாள் என்று குறித்துக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.